பதினைந்து எண்ணும் வரை

மதியம் இரண்டு மணிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தப் பெண் விடும் பெருமூச்சு இன்றும் என் காதில் இருக்கிறது. அரியலூரைச் சுற்றியுள்ள சிமெண்ட் ஆலைகளுள் ஒன்றில், மூட்டை ஏற்றிய லாரிகளுக்கு வெளியே போக பாஸ் அடித்துக் கொடுக்கும் சின்ன அறை அது. இருப்பது ஒரே கம்ப்யூட்டர். காலை ஷிப்டு எனக்கு, மதிய ஷிப்டு அவளுக்கு. கல்லங்குறிச்சியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். அவள் என்னை அண்ணே என்பாள், நான் மேடம் என்பேன். அந்தப் பெருமூச்சுக்குக் காரணம் நான்தான். காலையில் வந்ததும் திரையின் ரெசல்யூஷனைக் குறைத்து எழுத்துகளைக் கொழுகொழுவென்று ஆக்கிவிடுவேன். அப்படிச் செய்தால் பாஸ் அடிக்கும் பக்கத்தின் வலது பாதி திரைக்கு வெளியே போய்விடும், இழுத்து இழுத்துத்தான் பார்க்க வேண்டும். அவள் வந்து பழையபடி மாற்றுவாள். மறுநாள் நான் குறைப்பேன். நாலைந்து மாதம் இப்படியே ஓடியது, இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒருநாள் மானிட்டரின் விளிம்பில் ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. '1920 x 1080. மாத்தாதே.' எனக்கு வந்ததே கோபம்! வயதுக்காவது மரியாதை வேண்டாமா என்று வீட்டில் மனைவியிடம் குதித்தேன். எழுதியவளிடம் கேட்க மட்டும் வாய் வரவில்லை. கேட்டால், நீங்கள் ஏன் மாற்றுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பாளே. கண் மங்கிக்கொண்டு வருகிறது என்று எப்படிச் சொல்வது? என்னுடையது ஒப்பந்த வேலை. வருடத்துக்கு ஒருமுறை புதுக் கையெழுத்து. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரைப் பார்வை சரியில்லை என்று அனுப்பிவிட்டார்கள் எனக் கேள்வி. டாக்டரிடம் போகவும் பயம். போகாதவரை கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் வாரம் வந்தது. அன்று இரண்டு மணிக்குச் சற்று முன், மேனேஜர் எங்கள் அறைக்கு வருகிறார் என்று கேட்டில் இருந்தவர் சொன்னார். அவசரமாகத் திரையைப் பழையபடி வைக்கப் போனேன். வரிசையாக இருந்த எண்களில் அவள் எழுதி ஒட்டியது எது என்று பதற்றத்தில் கண்ணுக்குப் பிடிபடவில்லை. குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தினேன். திரை கறுத்துப்போனது. வெளியே லாரிகள் ஹாரன் அடிக்கின்றன, வாசலில் மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்கிறது. வேலை போயிற்று என்றே நினைத்துவிட்டேன். பிளக்கைப் பிடுங்கக் குனிந்தேன்.

"அண்ணே, கையை எடுங்க!" ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவள் மேனேஜருக்கு முன்னால் உள்ளே வந்தாள். "எதையும் தொடாதீங்க. பதினஞ்சு எண்ணுங்க, அதுவா பழைய அளவுக்கு வந்துரும்." அவளே எண்ணினாள். நான் சாமி கும்பிடுவதுபோல் நின்றேன். பதினான்கு என்னும்போது திரை வெளிச்சமானது. வந்தது என்னுடைய கொழுத்த எழுத்து.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "யாருய்யா இது, சுவரெழுத்து மாதிரி வச்சிருக்கிறது?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிடத்தில் பொய் ஒன்று நாக்கின் நுனிவரை வந்தது. ஏனோ சொல்ல முடியவில்லை. "நான்தான் சார். கண்ணு சரியாத் தெரியல" என்றேன்.

"அதுக்குக் கண்ணாடி போட வேண்டியதுதானேய்யா? நான் போடல?" என்று சொல்லிவிட்டு, அவர் வந்த வேலையைப் பார்க்கத் தொடங்கினார். அவ்வளவுதான்.

அவர் போனபின் அவள், பாஸ் அடிப்பதற்காக டிரைவர்கள் கொடுத்த லோடிங் சீட்டுக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். "திரையைப் பெருசாக்கிட்டீங்க, இந்தச் சீட்டைப் பெருசாக்க முடியுமா? எட்டை மூணுன்னு அடிக்கிறீங்க அண்ணே. ரெண்டு மாசமா வந்து உக்காந்ததும் அதைத்தான் பாத்துப் பாத்துத் திருத்துறேன்." பிறகு ஏன் அந்தக் காகிதத்தில் அப்படி மரியாதையில்லாமல் எழுதினாய் என்று கேட்டேன். மேடம் என்று கூப்பிட மறந்திருந்தேன். "சண்டை போடவாவது வருவீங்கன்னு பாத்தேன். அப்ப கண்ணுக்கு என்னன்னு கேட்டுறலாம்னுதான். நீங்க வந்தாத்தானே!" என்று சிரித்தாள். ரெசல்யூஷனைத் தொடாமல் எழுத்தை மட்டும் பெரிதாக்க வேறு இடம் இருக்கிறது என்று காட்டி, எனக்குத் தனி லாகினும் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாளே அரியலூரில் கண் டாக்டரைப் பார்த்தேன். வெள்ளெழுத்துதான், கண்ணாடி போட்டால் போதும், வேறொன்றுமில்லை என்றார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒரு கரும்புச்சாறு குடித்தேன். அத்தனை மாதமும் நெஞ்சில் கிடந்த கல் அங்கேயே இறங்கிவிட்டது. இப்போது அவள் திருமானூர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டாள். அதே நாற்காலியில் நான் இன்னும் இருக்கிறேன்.

நான் கண் டாக்டரைப் பார்த்த அந்த வாரக் கடைசியில் ஒப்பந்தத் தாளை நீட்டிய மேனேஜர், வழக்கம்போல் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "இங்க போடுய்யா" என்றார்.

"இருங்க சார், படிச்சுட்டுப் போடுறேன்."

புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தேன். இத்தனை வருடமும் பார்க்காமலே கையெழுத்துப் போட்ட பொடி எழுத்து நிபந்தனைகள் எல்லாவற்றையும் படித்தேன். அதில் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.