சூரன்போரன்று மைதானத்தில் இருந்தேன்

கந்தசட்டி விரதத்தைக் கலியாணம் கட்டின வருசத்திலிருந்து பிடிக்கிறேன். சண்டைக் காலத்திலும் பிடித்தேன், கொழும்பில் விசாவுக்கு அலைந்த காலத்திலும் பிடித்தேன். ஐந்து நாளும் பின்னேரத்தில் பாலும் பழமும். ஆறாம் நாள் அதுவும் இல்லை. தண்ணீர் மட்டும், மறுநாள் விடிய விரதம் முடிக்கிற பாறணை வரைக்கும். அந்த ஆறாம் நாள் கோயிலுக்குப் போய்ச் சூரன்போர் பார்க்காமல் விட்டதில்லை. நாடு விட்டு இங்கே பென்டில் ஹில்லுக்குக் குடிவந்த பிறகும் அப்படித்தான்.

போன வருசம் சூரன்போரும் மருமகளின் இறுதி ஆட்டமும் ஒரே நாளில் விழுந்தன.

மருமகள் என் மகன் கட்டின கோயம்புத்தூர்ப் பிள்ளை. கலியாணத்துக்குப் பிறகும் பல்கலைக்கழகத்தில் மேலே படித்தாள். படிக்கப் போன இடத்தில் பெண்களின் அமெரிக்கன் புட்போல் அணியில் சேர்ந்துவிட்டாள். அந்த விளையாட்டை எழுதி விளங்கப்படுத்த எனக்குப் படிப்புக் காணாது. தெரிந்த மட்டும் சொல்கிறேன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும். நான்கு தரத்துக்குள் பத்து யார், அதாவது முப்பது அடி தூரம், முன்னேறாவிட்டால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். மருமகள் பந்தைத் தொடுவதே இல்லை. முன்வரிசையில் குனிந்து நின்று, எதிரில் வருகிறவளைத் தள்ளி, பின்னால் ஓடி வருகிறவளுக்கு வழி திறந்துவிடுகிற வேலை அவளுக்கு.

முதலில் எனக்கு அது பொறுக்கவில்லை.

"உனக்கு ஒருநாளும் பந்து தரமாட்டினமோ பிள்ளை?"

"என் வேலை அது இல்ல அத்தை. நான் இடிக்கிற ஆளு."

யோசித்துப் பார்த்தபோது விளங்கியது. ஊரில் என்னுடைய மனுசன் சூரன் சிலையைத் தூக்கி ஆட்டினவர். தண்டுக்குக் கீழே தோள் கொடுத்து, ஓடி, நின்று, பின்வாங்கி, திரும்பவும் ஓடுகிறவர்களை யார் பார்த்தார்கள்? சனமெல்லாம் மேலே இருக்கிற சூரனைத்தான் பார்க்கும். நான் மட்டும் கீழே பார்ப்பேன்.

முந்தின வருசம் அவர்கள் இறுதி ஆட்டத்தில் தோற்றிருந்தார்கள். அந்த வருசத்தோடு அவளுக்குப் படிப்பு முடிந்தது, மெல்போர்னில் வேலை காத்திருந்தது. அதனால் அது அவளுக்குக் கடைசி ஆட்டம்.

"நீங்க கோயிலுக்குப் போங்க அத்தை. இது வெறும் மேட்ச்தானே."

"வெறும் மேட்ச் எண்டால் ஏன் ரெண்டு நாளாச் சோத்தைப் பிசைஞ்சுகொண்டே இருக்கிறாய்? கோயில்ல ஆயிரம் சனம் நிக்கும். முருகன் என்னைத் தேடமாட்டார். நான் வாறன்."

"ஒண்ணும் சாப்பிடாம வெயில்ல உக்காருவீங்களா? நீங்க மயங்கி விழுந்தா நான் ஆட்டத்தை விட்டுட்டு வந்துடுவேன். நிஜமாச் சொல்றேன்."

"நான் விழமாட்டன்" என்றேன்.

சொன்னால் சொன்னதுதான். அன்று எனக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்: விழாமல் இருப்பது.

காலையில் பாறணைச் சமையலுக்குத் தேசிக்காய் வாங்கக் கடைக்குப் போனபோது பக்கத்து ஊர் கிரவீனில் இருக்கிற ஒரு மனுசி பிடித்துக்கொண்டாள்.

"என்ன அன்ரி, பின்னேரம் கோயிலுக்கு வாறியளோ?"

"இல்லை. மருமேளின்ர விளையாட்டுக்குப் போறன்."

"ஓ! அப்ப உங்கட வீட்டுச் சூரன்போர் வேற இடத்திலயோ?"

"ஓம். உங்கட சூரன் ஒவ்வொரு வருசமும் தோக்கிறவர். இஞ்ச ஆர் தோக்கிறதெண்டு தெரியாது, அதுதான் போறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மைதானத்தில் மகன் நான் இருக்க மடக்குக் கதிரையை நிழலில் விரித்துத் தந்தான். நிழல் கொஞ்ச நேரத்தில் என்னை விட்டுப் போய்விட்டது. பக்கத்தில் யாரோ இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மணமும் வெயிலும் சேர்ந்து தலையைச் சுற்ற வைத்தன. நான் கண்ணை மருமகளின் முதுகிலேயே வைத்திருந்தேன். தலையில் கவசம், தோளில் பலகை மாதிரி ஒன்று. எல்லாரும் ஒரே மாதிரித்தான் தெரிந்தார்கள். ஆனால் குனிய முதல் ஒருதரம் இடது காலை நிலத்தில் தேய்ப்பது அவள்தான்.

கடைசிப் பகுதி தொடங்கியபோது எங்கள் பக்கம் நான்கு புள்ளி பின்னால். ஆனால் பந்தை மெல்ல மெல்ல நகர்த்தி எல்லைக்கோட்டுக்குக் கிட்டக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தக் கோட்டைப் பந்தோடு தாண்டினால் ஆறு புள்ளி. எனக்குக் காது அடைத்தது. மகன் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான்.

"அம்மா, வாங்கோ. காரில ஏசியைப் போட்டு இருப்பம்."

"முடியட்டும்."

"உங்கட முகம் வெளுத்துப் போச்சு. எழும்புங்கோ."

கையைப் பிடித்து எழுப்பிவிட்டான். இரண்டு எட்டு வைத்திருப்போம். ஆட்டத்துக்குக் குனிந்து நின்ற மருமகள் எங்களைக் கண்டுவிட்டாள். சட்டென்று நிமிர்ந்தாள். பந்து எழும்ப முதல் முன்வரிசையில் ஒருத்தரும் அசையக்கூடாது. நடுவர் மஞ்சள் துணியை எறிந்தார். தண்டனையாக எங்கள் பக்கம் ஐந்து யார் தூரம் பின்னுக்குப் போனது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தலையில் கை வைத்தார்கள். மருமகள் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ஒரு கால் ஏற்கெனவே எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

"கையை விடு" என்றேன் மகனிடம். "கதிரையை எடுத்துக்கொண்டு வா. அவளுக்குத் தெரியிற இடத்தில வை."

"அம்மா..."

"வை எண்டு சொல்லுறன்."

கயிற்றுக்குப் பக்கத்தில் வைத்தான். நான் போய் இருந்தேன். முதுகை நேராக்கி, கதிரைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைத் தூக்கி, போ, போய் நில் என்று காட்டினேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினாள். இடது காலை நிலத்தில் தேய்த்தாள்.

அடுத்த தரம் கொஞ்சம் நகர்ந்தார்கள். அதற்கடுத்த தரமும் கொஞ்சம். முன்னமே ஒரு தரம் போயிருந்தபடியால் இனி ஒரேயொரு தரம்தான். கண்ணுக்கு முன்னால் கறுப்புப் புள்ளிகள் ஓடின. முருகா, இன்னும் கொஞ்ச நேரம் என்னை இருத்தி வை என்றுதான் கேட்டேன். வெற்றியை நான் கேட்கவில்லை. அதை அவள் பார்த்துக்கொள்வாள்.

பந்து எழும்பியது. மருமகளுக்கு எதிரில் நின்றவள் அவளைவிட ஒரு தலை உயரம். இரண்டு பேரும் இடித்த சத்தம் எனக்கு வயிற்றில் கேட்டது. மருமகள் பின்னுக்குப் போகவில்லை. காலைச் சின்னச் சின்னதாக வைத்து, வைத்து, அந்த உயரமானவளைக் கதவைத் தள்ளுவது போலத் தள்ளிக்கொண்டு போனாள். திறந்த இடத்தால் பந்தோடு வந்தவள் பாய்ந்து கோட்டுக்கு அப்பால் விழுந்தாள்.

சனம் கத்தியது. எல்லாரும் பந்து வைத்திருந்தவளைத் தூக்கினார்கள். நான் குவியலுக்கு அடியிலிருந்து எழும்புகிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. பல்லெல்லாம் சிரிப்பு.

மிச்ச நேரத்தில் மற்றவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆட்டம் முடிந்ததும் மருமகள் கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அத்தை! எந்திரிங்க, போட்டோ எடுக்கப் போறாங்க!"

எழும்பப் பார்த்தேன். கால் சொன்னதைக் கேட்கவில்லை.

"நீங்கள் எடுங்கோ பிள்ளை. நான் இதில இருந்து பாக்கிறன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கதிரைக் கையைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தாள். திரும்பி, மைதானத்தின் நடுவே நின்றவர்களை இங்கிலீசில் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். முழு அணியும் வந்துவிட்டது. வேர்வையும் மண்ணுமாக என் கதிரையைச் சுற்றிப் புல்லில் இருந்தார்கள். வெற்றிக்கிண்ணத்தை ஒருத்தி என் மடியில் வைத்தாள். நல்ல பாரம்.

மகன் போனைத் தூக்கிப் பிடித்தான். அது ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"அம்மா, கொஞ்சம் சிரியுங்கோ."

"நீ முதல்ல நேராப் பிடி" என்றேன்.