பள்ளிப் படிப்பு: ஆறு ஆண்டுகள்

9 ஜூலை 2024, செவ்வாய். காலை 7.30க்குக் கிளினிக் கதவைத் திறந்தேன். பிரஷர் மெஷினைச் சரிபார்த்தேன். முதியோருக்கான ஞாபகப் பரிசோதனைப் படிவங்களை எண் வரிசையில் அடுக்கி, நான்கு பென்சில்களைச் சீவி வைத்தேன்.

மூன்றாவது எண் பச்சையம்மா, வயது எழுபத்தொன்று. சாஆ ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கி ஓய்வு பெற்றவர். வாடகை வீட்டில் தனியாக இருந்தார். தொலைவில் தெப்ராவில் குடியிருக்கும் மகன் தன்னோடு வரச் சொல்லியும் அவர் அசையவில்லை. டாக்டர் சொன்னால் கேட்பார் என்று மகன் அழைத்து வந்திருந்தார்.

படிவத்தின் முதல் கேள்வி, எத்தனை ஆண்டு பள்ளிப் படிப்பு. அம்மா வாய் திறப்பதற்குள் மகன் தாதியான என்னிடம் சொன்னார்: “ஆறு வருஷம், மிஸ்ஸி. தோட்டத்துப் பள்ளிக்கூடம்.”

பச்சையம்மா மகனைப் பார்த்தார். நான் 6 என்று எழுதினேன்.

தேதி கேட்டேன். “ஆனி இருபத்தஞ்சு, செவ்வாக்கெழம,” என்றார். சரியான பதில். படிவத்துக்கு ஜூலை வேண்டும். கிழமைக்கு மட்டும் மதிப்பெண் போட்டேன். என் வீட்டிலும் தமிழ் நாள்காட்டிதான் தொங்குகிறது.

கடிகாரம் வரையச் சொன்னேன். பென்சிலை முழுக் கையால் இறுக்கிப் பிடித்து ஒரு வட்டம் போட்டார்.

“உள்ள நம்பர் எழுதுங்கம்மா.”

“பழம் பொறுக்குனவளக் கேக்குற கேள்வியா இது? ஒரு சாக்கு குடுங்க, ரொப்பிக் காட்டுறேன்.”

ஆறு ஆண்டு படித்தவருக்கான தேர்ச்சி எல்லைக்கு இரண்டு மதிப்பெண் குறைந்தது. டாக்டர் மதிப்பெண்ணைப் பார்த்தார்; பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, அதுவரை தனியாக விட வேண்டாம் என்றார்.

“அலமாக்! அதான் அப்பவே சொன்னேன்லம்மா,” என்று அலுத்துக்கொண்டே மகன் காரை எடுக்கப் போனார்.

பச்சையம்மா என் மேசைக்குத் திரும்பி வந்தார். “நான் பள்ளிக்கூடமே போனதில்ல, மிஸ்ஸி. அம்மா படிக்காதவன்னு சொல்ல அவனுக்கு வெக்கம். உங்க முன்னாடி அவன விட்டுக்குடுக்க மனசு வரல.”

பள்ளிக்கே போகாதவருக்கான எல்லை இன்னும் கீழே. அதன்படி அவர் தேறியவர். டாக்டர் அறை பத்தடி தூரம். வெளியே பதினொரு பேர் காத்திருந்தார்கள்.

“அடுத்த தடவ வர்றப்ப டாக்டர்கிட்ட சொல்லிக்கலாம்மா,” என்றேன்.

“அதுக்குள்ள வீட்டக் காலி பண்ணிருவான் லா,” என்றார்.

இளைய தாதியருக்கு ஒன்று சொல்வேன். படிப்பைப் பற்றிய கேள்வியை, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். தவறு தெரிந்த நிமிடமே எழுந்து டாக்டரிடம் போங்கள். நான் அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக மகனுக்குப் போன் செய்தேன். படிவத்தில் தவறு, டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும் என்றேன்.

“வீட்டுச் சாவிய நேத்தே வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டோம், மிஸ்ஸி. அம்மா பக்கத்துலதான் இருக்காங்க, பேசுறீங்களா?”

வேண்டாம் என்றேன்.