அம்மாவுக்கு எச்சில் ஊறிய மதியம்

பாராசிம்பதெடிக் நரம்பு மண்டலம். இந்தப் பெயரை நாக்கு சுளுக்காமல் சொல்லக் கற்றுக்கொண்ட வருஷத்தில்தான் என் அண்ணன் கடலில் போனான். நான் நர்ஸிங் முதல் வருஷம். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால், லீவில் மீனவக் குப்பத்துக்கு வந்தால் என் பேச்சில் கொஞ்சம் டாக்டர் வாடை அடிக்கும். "இன்னா டாக்டரம்மா, ஊசி எங்க?" என்று அண்ணன் சீண்டிக்கொண்டே இருப்பான்.

ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் அலை அடித்து அவன் போட் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். அவன் ஏறவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. தேடப் போகிறவர்களோடு நைனா தினமும் போட்டில் ஏறினார். அம்மா வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள் என்றால் உட்கார்ந்ததுதான். கதவைச் சாத்த விடவில்லை. தூங்கவில்லை, ஒரு சொட்டு அழவில்லை. சோற்றை வாயில் வைத்தால் மென்றுகொண்டே இருப்பாள், தொண்டையில் இறங்காது. "வாய்ல ஈரமே இல்லடி, மண்ணத் துன்ற மாதிரி கீது" என்பாள். கையைப் பிடித்தால் நாடி தடதடவென்று ஓடியது.

எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்? ஆபத்து வந்துவிட்டது என்று உடம்பு நினைத்துவிட்டால் இதயத்தை விரட்டும், வயிற்றை நிறுத்தும், எச்சிலை வற்றவைக்கும். அந்த விரட்டலை அடக்குவதற்கென்றே இன்னொரு கூட்டம் நரம்புகள் இருக்கின்றன, அதுதான் பாராசிம்பதெடிக். கரைக்கு வந்தாச்சு, இனிமேல் சாப்பிடு, தூங்கு என்று உடம்புக்குச் சொல்வதுதான் அவற்றின் வேலை. எச்சில் ஊறுவதும் குடல் அசைவதும் அவற்றால்தான். கண்ணீர் வருவதுகூட அவற்றால்தான். மூச்சை மெதுவாக, நீளமாக விட்டால் அவை வேலையை ஆரம்பிக்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

"மெதுவா மூச்ச விடும்மா. உடம்பு அடங்கும், தூக்கம் வரும்" என்றேன்.

"அடங்கி? அவன் வந்து நிக்கறப்போ நான் தூங்கிகினு இருக்கணுமா?"



நைனாவை வாசலில் உட்காரவைத்த பிறகுதான் குளுக்கோஸ் ஏற்ற பழவேற்காடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். திரும்பும் வழியில், அந்தக் காலத்தில் கப்பலில் வந்து இங்கேயே செத்துப்போன டச்சுக்காரர்களின் கல்லறை வாசலில் நின்றுவிட்டாள். கம்பி வழியாக அந்தக் கற்களையே பார்த்தாள். "இவங்க அம்மாக்களும் அந்த ஊர்ல கதவத் தொறந்து வச்சிகினே இருந்திருப்பாங்க இல்ல?" என்று கேட்டாள். நான் பஸ் வருகிறது என்று பொய் சொல்லி இழுத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் போனவரின் உடம்பு கிடைக்கிற வரை அந்த வீட்டில் மீன் சமைக்க மாட்டார்கள். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, கடலுக்குள் மீன் எதைத் தின்னும் என்று எல்லோருக்கும் தெரியும். மீன் இல்லாமல் சோறு இறங்காத எங்கள் வீட்டில் வெறும் ரசம்தான் கொதித்தது.

ஒரு மதியம் சின்னம்மா ஒரு சட்டியோடு வந்தாள். அம்மாவின் தங்கை. அக்கா இப்படியே செத்துப்போவாள் என்று அவளுக்குப் பயம்.

"அக்கா, இது கடல் மீன் இல்ல. ஏரி மடவை. ஒரு வாய் துன்னு."

"முகத்துவாரம் தொறந்துதான கீது? ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல செவுரா கட்டி வச்சிகீறாங்க?"

 சின்னம்மா சட்டியைத் திறந்தாள். புளியும் மிளகாயும் மடவைக் கொழுப்புமாக வாசனை வீடு முழுக்க ஏறியது.

அப்போது அம்மாவின் வயிறு சத்தம் போட்டது. நீளமாக, கடகடவென்று. மூன்று பேருக்கும் கேட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அந்த நரம்பு விழித்துக்கொண்டது என்று. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் செத்தது. தன் வயிற்றிலேயே ஓங்கி அறைந்தாள்.

"எச்சி ஊறுதுடி. எம்புள்ள இன்னும் வரலியே, இந்த வாய்க்கு எச்சி ஊறுதே!"

அப்புறம்தான் அழுதாள். அத்தனை நாளும் வராத கண்ணீர் மார்பை நனைத்தது. சின்னம்மா பிசைந்து ஊட்டினாள். அம்மா அழுதுகொண்டே விழுங்கினாள். "அவன் வரமாட்டான்னு என் வயித்துக்குத் தெரிஞ்சிபோச்சிடி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். கை கழுவக்கூட எழுந்திருக்காமல் சுவரோரம் சரிந்து தூங்கிப்போனாள். நாடி பார்த்தேன். நிதானமாக ஓடியது. அம்மாவின் உடம்பு கரைக்கு வந்துவிட்டது, அண்ணன் இல்லாமல்.

சின்னம்மா எனக்கும் ஒரு தட்டு போட்டு வைத்துவிட்டு, வெயில் அடிக்கிறது, கதவைச் சாத்து என்றாள். எழுந்து போனேன். சாத்தக் கை வரவில்லை. அம்மா உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்தேன். மடியில் தட்டு. ஒரு வாய் எடுத்து மென்றேன், மென்றுகொண்டே இருந்தேன். இறங்கவில்லை.