நூக்கல் சமைத்த நாள்

பள்ளிக்கூடச் சமையலறையில் பெரியக்காவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. காய்காரன் அழுகலை அடியில் போட்டுத் தருவான். பால்காரன் தண்ணீர் கலப்பான். தையல் மெஷினோடு மல்லுக்கட்டும் புருஷன் சாப்பிடும்போது உப்பு டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுகூடத் தன்னைக் குத்திக்காட்டத்தான் என்பாள். எல்லாரையும்விட அதிகச் சந்தேகம், உதவிக்கு வந்த இளையவள் மேல்தான். கேட்டால் ஒழிய வாயைத் திறக்கமாட்டாள். ஊமைக்கோட்டான் என்று மனசுக்குள் பேர் வைத்திருந்தாள் பெரியக்கா.

பயந்தவளுக்குத்தானே பார்க்கிறவனெல்லாம் உளவாளி! போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் போகும்போது அவள் நாக்கின் ருசியையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. உப்பும் மண்ணும் ஒன்றாகத்தான் இருந்தன. வெளியே சொல்ல முடியுமா? ருசி தெரியாத சமையல்காரியை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? சின்ன மகள் நர்ஸ் படிப்பில் பாதியில் இருக்கிறாள். இந்த அடுப்பு அணைந்தால் அந்தப் படிப்பும் போச்சு. நல்லவேளை, உருளை, கேரட், கோஸ் என்று மூன்றையே வருஷக்கணக்காக மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்ததால் கை பாட்டுக்கு உப்பை அள்ளிப் போட்டுவிடும்.

அதற்கும் உலை வைத்தார் பெரிய டீச்சர்.

"பிள்ளைங்க காயை அப்படியே குப்பையில கொட்டுதுங்கம்மா. இனிமே தினம் ஒரு புதுக் காய். வந்ததே திரும்ப வரக்கூடாது."

முதலில் பூசணி. கடவுள் விட்ட வழி என்று உப்பைப் போட்டாள். பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டன! அடுத்து பீட்ரூட். அதுவும் காலி. முள்ளங்கியைக்கூட இரண்டாம் தடவை கேட்டு வாங்கின. பெரியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. 'நாக்கு போனா என்ன, கை இருக்கே' என்று இரண்டு நாள் மிதப்பில் திரிந்தாள்.

மூன்றாம் நாள் சந்தேகம் வந்துவிட்டது. தான் காய் நறுக்கத் திரும்பும்போதெல்லாம் இந்த ஊமைக்கோட்டானுக்கு அடுப்பு ஓரத்தில் என்ன வேலை? எதையோ போடுகிறாள். ஒருநாள் பார்த்துக் கெடுத்துவிட்டு, என் கரண்டியைத் தன் கையில் வாங்கிக்கொள்ளப் போகிறாள். சரியான அமுக்குணி!

நூக்கல் வெந்துகொண்டிருந்த அன்று, அரிசி எடுக்கப் போவதுபோல் போய்க் கதவிடுக்கில் நின்றாள். இளையவள் ஒரு துண்டை ஊதி வாயில் போட்டாள், அக்கம்பக்கம் பார்த்தாள், கையை மூடிக்கொண்டு பாத்திரத்தின் மேல் நீட்டினாள்.

"பிடிச்சேன்டி!" பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள் பெரியக்கா. "டீச்சர்! இங்க வந்து பாருங்க இந்த அநியாயத்தை!"

பெரிய டீச்சர் ஓடி வந்தார். காலையில்தான் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியிருந்தார். வாய் நிறையப் பஞ்சு, கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

"கையில என்ன?"

"உப்பு" என்றாள் இளையவள்.

"நான் போட்டதுக்கு மேல போடறா டீச்சர். பிள்ளைங்க வாயில வைக்கக்கூடாதுன்னு பாக்கறா."

"அப்படியாம்மா?"

இளையவள் தரையைப் பார்த்தாள். "அக்காவே சொல்லட்டும்."

"நான் பாத்துச் சொல்லிருப்பேன், வாய் மரத்துக் கிடக்கு" என்றார் டீச்சர் பஞ்சோடு. "நீங்களே ருசி பாத்துச் சொல்லுங்க. உப்பு கரிச்சா இன்னையோட இவளை நிறுத்திடறேன்."

ஒரு கையில் மணிக்கட்டு, மறுகையில் கரண்டி. பெரியக்கா ஒரு துண்டை வாயில் போட்டாள். சூடாக இருந்தது, மெத்தென்று இருந்தது. அவ்வளவுதான். 'கரிக்குது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊமைக்கோட்டான் ஒழிவாள், தன் வேலை நிற்கும், மகள் படிப்பாள். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தும்விட்டது.

அப்போதுதான் உறைத்தது. பூசணி, பீட்ரூட், முள்ளங்கி. தட்டுகளைக் காலி செய்தது தன் கை இல்லை, ருசி பார்த்துப் பார்த்து உப்பைச் சரிசெய்த இவள் கை. இவ்வளவு தெரிந்தவள், இப்போது வேலை போகும் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லையே! அவமானம் பிடுங்கித் தின்றது.

"ஏண்டி, தெரிஞ்சும் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா உங்களை அனுப்பிடுவாங்களேக்கா."

பெரியக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ருசி தெரியாது டீச்சர். காய்ச்சல் வந்ததுலேர்ந்து ஒண்ணுமே தெரியல. பிள்ளைங்க தட்டை வழிச்சுச் சாப்பிட்டதெல்லாம் இவளாலதான். இவளை நிறுத்தாதீங்க. நிறுத்தறதா இருந்தா என்னை நிறுத்துங்க."

டீச்சர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். வெளியே மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"இப்ப உப்பு சரியா இருக்கா, இல்லையா?" என்றார் டீச்சர் கடைசியில்.

"பத்தல" என்றாள் இளையவள்.

"போடுடி" என்று சொல்லி, அவள் மணிக்கட்டை விட்டாள் பெரியக்கா.