உதறல் மேடம்

விடுதிச் சலவைக்கூடத்தில் பதினோரு ஆண்டு சர்வீஸ் போட்டவரைப் 'பாப்பா' என்று கூப்பிட்டால் ஒருமுறை திருத்துவார்: "பாப்பா இல்ல, மேடம்." மறுமுறை அவருக்குக் காது கேட்காது. முப்பத்து நான்கு வயதில் இந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

நமக்கெல்லாம் செல்லுக்கு நாற்பத்தாறு குரோமோசோம்கள். அதை வைத்துக்கொண்டே இவ்வளவு அலட்டுகிறோம். மேடத்துக்கு நாற்பத்தேழு. இருபத்தொன்றாம் எண்ணில் இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று. அவர் பிறந்தபோது டாக்டர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, டவுன் சிண்ட்ரோம் என்றாராம்.

"ஏதாச்சும் குறையுதா சார்?" என்று கேட்டார் அம்மா.

"இல்லம்மா, ஒண்ணு கூடுதலா இருக்கு."

"அதுக்கா எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க?"

அறைகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் போடுவது மேடத்தின் வேலை. முதல் நாள் ஓர் அக்கா, "உதறிப் போடும்மா" என்று சொல்லிக்கொடுத்தார். அக்கா வேலையை விட்டுப் போயும் மேடம் அந்தச் சொல்லை விடவில்லை. விரிப்புக்கு மூன்று உதறல். சீப்பு விழும், பல்செட் விழும், ஒருமுறை டிவி ரிமோட்டே விழுந்தது.

புதிதாக வந்த மேற்பார்வையாளர் கடிகாரமும் கையுமாக நின்றார்.

"என்ன, துணிக்கு உடற்பயிற்சி சொல்லித் தர்றீங்களா? நாளைக்கும் உதறினா வேற ஆள் போட்டுடுவேன்."

அன்றிரவு மேடம் சாப்பிடவில்லை. "அவர் சொல்றபடி போட்டுட்டுப் போயேன்டி," என்றார் அம்மா.

"தப்பும்மா."

மறுநாளும் மூன்று உதறல். மேற்பார்வையாளர் வேறு ஆள் வேண்டுமென்று மேலாளருக்குச் சொல்லியனுப்பினார். பிறகு மேடத்தை நாற்காலியில் உட்காரவைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தாமே களத்தில் இறங்கினார். வேகமென்றால் அப்படியொரு வேகம்! கால் மணி நேரத்தில் இயந்திரம் கடகடவென்று அலறி நின்றது. மெக்கானிக் அதன் வயிற்றிலிருந்து வளைந்துபோன ஒரு கரண்டியை எடுத்தார்.

மேலாளர் படியிறங்கி வரும் சத்தம் கேட்டது. இப்போது உதறல் எடுத்தது மேற்பார்வையாளருக்கு.

"உதறலியா சார்?" என்றார் மேடம். அதில் கேலி துளியும் இல்லை, முழுக்கக் கவலை. எழுந்துவந்து ஒரு விரிப்பின் முனைகளை அவர் கையில் திணித்தார். "இப்படிப் பிடிங்க. தூக்குங்க."

"வேற ஆள் கேட்டீங்களாமே?" என்று உள்ளே நுழைந்தார் மேலாளர்.

"ஐயோ, வேணாம் சார். இவங்களே இருக்கட்டும்."

மேடம் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. "வலது கை இன்னும் மேல, சார்," என்றார்.