பரோட்டாவைக் கப்பலேற்றும் பாடு

உறைய வைத்த சாப்பாட்டைக் கப்பலில் அனுப்பும் தொழிலில், சரக்கு கெட்டுப்போனால் எல்லோர் விரலும் ஒரே ஆளைப் பார்த்துத்தான் நீளும். எங்கள் ஆபீஸில் அந்த ஆள் நான். அவனியாபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் ஏற்றுமதி ஏஜென்சி. குளிர் கண்டெய்னரை புக் பண்ணி, தொழிற்சாலைக்கு வரவழைத்து, சரக்கை ஏற்றித் தூத்துக்குடிக்கு அனுப்பிவைப்பது என் வேலை. வெளியே மதுரை வெயில் மண்டையைப் பிளக்கும்போது, உள்ளே மைனஸ் பதினெட்டு டிகிரி மாறாமல் ஒரு பெட்டியைக் கடல்வரை கொண்டுசேர்த்துப் பார்த்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். மற்றவர்கள் வீட்டு பிரிட்ஜ் நின்றுபோன நாளை நினைத்துக்கொள்ளுங்கள். பால் திரிந்ததும் வீட்டில் யாரைத் திட்டினார்கள்? அந்த வகையில் நாமெல்லாம் சொந்தக்காரர்கள்தான்.

ஒரு சின்னக் கோடு

பசுமலைக்காரர் ஒருவர் முருங்கைக்காயை நறுக்கி உறைய வைத்து சிங்கப்பூருக்கு அனுப்பக் கிளம்பினார். அவருக்கு அதுதான் முதல் ஏற்றுமதி. கண்டெய்னரை எந்தக் குளிரில் வைக்க வேண்டும் என்பதை ஏற்றுமதி செய்கிறவர்தான் எழுத்தில் தர வேண்டும். அவரும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் அன்றைக்கு லீவு. ஆபீஸில் இருந்தவர் வந்ததை அப்படியே கண்டெய்னர் டிப்போவுக்குத் தள்ளிவிட்டார்.

மறுநாள் பெட்டி வந்து நின்றது. கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டினால் சினிமா தியேட்டர் ஏசி மாதிரி இதமாக இருக்கிறது. முருங்கைக்காய் படம் பார்க்கவா போகிறது? ஏற்றுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு மெசேஜை எடுத்துப் பார்த்தேன். மைனஸ் இல்லை, வெறும் பதினெட்டு. டிப்போக்காரன் சொன்னதைச் செய்திருக்கிறான். மறுபடி மாற்றி, பெட்டி குளிர்ந்து, சரக்கு ஏறி முடிவதற்குள் துறைமுகத்தில் பெட்டி வாங்கும் நேரம் முடிந்து கப்பல் போய்விட்டது. ஏன் சார் மைனஸை விட்டீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "மொத மொத சரக்கு அனுப்புறோம், மைனஸ்னு எழுதித் தொடங்குனா வெளங்குமாம்மா? அதான் வெறும் பதினெட்டுன்னு போட்டேன்."

காற்றுக்கு இடம்

சிக்கந்தர் பாய்க்குக் கீழக்குயில்குடி போகும் ரோட்டில் பரோட்டா தொழிற்சாலை. பாதி வேகவைத்து உறைய வைத்த பரோட்டா துபாய்க்குப் போகும். அங்கே பிரித்துக் கல்லில் போட்டால் மதுரை வாசம் வரும் என்று பாய் சத்தியம் பண்ணுவார். சுத்தத்தில் கெட்டிக்காரர். ஆனால் சரக்கு ஏற்றுகிற இடத்தில் நிற்பது அவருடைய மச்சினர் ஜமால்.

கண்டெய்னர் உள்சுவரில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதற்கு மேலே அட்டைப்பெட்டி போகக் கூடாது. குளிர்காற்று தரை வழியாக வந்து, சரக்கைச் சுற்றி மேலேறி, கூரையடியில் திரும்ப வேண்டும். இதை ஜமாலுக்கு நான் சொல்லாத நாள் இல்லை. ஒரு போன் பேசிவிட்டுத் திரும்புகிறேன், கூரையை முட்ட அடுக்கியாகிவிட்டது. மேல் வரிசை முழுவதையும் இறக்கச் சொன்னேன். சுமை தூக்குகிறவர்கள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஜமால் மட்டும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டார்: "காத்துக்கு இம்புட்டு எடம் விடணும்னா, நாம என்ன காத்தையாக்கா ஏத்துமதி பண்றோம்?"

என் நாத்தனாரின் டப்பா

ஷார்ஜாவில் வேலை பார்க்கும் மகனுக்காக என் நாத்தனார் ஒரு டப்பா நிறைய உப்புக்கண்டம் போட்டு ஆபீஸுக்கே எடுத்துவந்துவிட்டார், பரோட்டா கண்டெய்னரில் ஒரு மூலையில் வைத்து அனுப்பச் சொல்லி. பேப்பரில் இல்லாத ஒரு துண்டு கறி உள்ளே இருந்தால் அந்த ஊர் சுங்கத்தில் மொத்தப் பெட்டியையும் நிறுத்திவிடுவார்கள், பாயின் லைசென்ஸுக்கும் ஆபத்து என்று உட்காரவைத்துச் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தேன். டீயைக் குடித்தார், டப்பாவைப் பையில் வைத்தார், பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்: "அம்புட்டுப் பெரிய கப்பலு, எம்புள்ளைக்கு ஒரு டப்பா கறி வைக்க மட்டும் எடமில்லையாக்கும்."

தூங்காத டிரைவர்

குளிர் கண்டெய்னர் ரோட்டில் போகும்போது லாரியோடு ஒரு ஜெனரேட்டரும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ரோட்டில் இருக்கும்வரை பெட்டியின் குளிர் என் போனில் தெரியும். ஒருநாள் மத்தியானம் பார்க்கிறேன், பாயின் பெட்டியில் குளிர் குறைந்துகொண்டே வருகிறது. டிரைவர் முனியாண்டியைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தபின் எடுத்தார். எட்டயபுரம் தாண்டி ஒரு மரத்தடியில் வண்டியைப் போட்டு, ஜெனரேட்டர் சத்தம் காதைக் கிழிக்கிறதென்று அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறார்.

என் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு லைனில் காத்திருந்தார். நல்லவேளை, கதவு திறக்காததால் சரக்கு தப்பியது. நான் மூச்சு வாங்கியபோதுதான் பேசினார். லாரி ஓனர் அடுத்தடுத்து டிரிப் போட்டு, முந்தின நாளிலிருந்து அவரை வீட்டுக்கே விடவில்லையாம். ஓனருக்கு போன் போட்டு அவரையும் ஒரு பிடி பிடித்தேன், கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு முனியாண்டி கத்தாமல் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பெட்டி குளுந்துச்சா குளுந்துச்சான்னு ஆளாளுக்குக் கேக்குறீக மேடம். நீ தூங்குனியான்னு ஒருத்தரும் கேக்கலையே."

யார் பொறுப்பு

நோன்பு மாதத்துக்கு முன்னால் துபாய் கடைகளுக்குப் போக வேண்டிய பாயின் சரக்கு. கப்பல் தாமதமானதால், பெட்டியைத் தூத்துக்குடியில் கண்டெய்னர் நிறுத்தும் ஒரு தனியார் யார்டில் கரண்ட் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். இடையில் அந்த வரிசைக்கே கரண்ட் போய்விட்டது. பெட்டி அலாரம் அடித்து அடித்து ஓய்ந்தது. போய்ப் பார்க்க ஆளில்லை. கரண்ட் வந்ததும் அது பாட்டுக்கு மறுபடி குளிர்ந்துவிட்டது. கப்பலேற்றும் முன் சோதித்தவர்கள் பெட்டியில் பதிவான குளிர்க் கணக்கைப் பார்த்து இதைக் கண்டுபிடித்து, ஏற்ற மாட்டோம், திருப்பி எடுத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் நேரிலேயே யார்டுக்குப் போனேன். ஏசி அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மேனேஜர். ஒரு தொழிற்சாலையே ராப்பகலாக உழைத்த சரக்கு வீணாகிவிட்டது, இதற்கு யார் பதில் சொல்வது என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பெட்டியை ப்ளக்குல மாட்டுறது எங்க பொறுப்பு மேடம். ப்ளக்குல கரண்ட் வர்றது எங்க பொறுப்பு இல்ல."

திரும்பி வந்த பெட்டி

கதவைத் திறந்தபோது பாய் பக்கத்தில் நின்றார். அட்டைகள் ஊறி, பிறகு உறைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒரு பாக்கெட்டைப் பிரித்தார். பரோட்டாக்கள் ஒரே கட்டியாக இருந்தன. முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

செய்தி எப்படித்தான் பரவியதோ, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு புரோக்கர் பைக்கில் வந்து இறங்கினார். மொத்தத்தையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன், ரோட்டோரக் கடைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம், கல்லில் போட்டு சால்னா ஊற்றினால் ஒருத்தருக்கும் தெரியாது என்றார். பாய் அன்றைக்கு இருந்த நிலைமையில் சரி என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொன்னால் நான் என்ன செய்திருப்பேன் என்பதும் தெரியவில்லை.

பாய் அந்த ஆளின் பைக் சாவியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, கேட்டைக் காட்டினார். அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லி, அவர்கள் முன்னிலையில் பின்பக்கம் ஜேசிபி வைத்துக் குழி தோண்டி எல்லாவற்றையும் கொட்டினார். மாவு உருட்டிய பெண்களும் பரோட்டா வீசிய மாஸ்டர்களும் வரிசையாக நின்று பார்த்தார்கள். ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்சூரன்ஸ்காரர்கள் இன்றுவரை கேள்வி மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மண்ணை மூடும்போது பாய் என் பக்கம் திரும்பினார்: "துபாய்க்காரன் வயித்துக்கு ஆகாதது மதுரைக்காரன் வயித்துக்கு மட்டும் ஆகுமா தங்கச்சி? நம்மாளுக்கு இருக்குறது வயிறா, குப்பைத் தொட்டியா?"

பரோட்டாவைக் கடல் கடந்தும் குளிராக வைத்திருக்க மெஷின் கண்டுபிடித்துவிட்டார்கள், அதை அனுப்பிவைக்கிறவளின் ரத்தம் கொதிக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் இன்னும் எந்த ஊரிலும் ஒன்றும் வரக் காணோம்.