ஹமூர் என்று சீட்டு ஒட்டிய மீன்

இந்த ஊரில் மீனுக்குத் தலை கிடையாது. வந்த முதல் வாரம் எனக்குப் பிடிபடாமல் இருந்தது அதுதான். ஷார்ஜாவில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டின் மீன் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஐஸ் மேல் வெள்ளை வெள்ளையாகத் துண்டுகளை அடுக்கியிருப்பார்கள். தலை, வால், செதில், முள் எதுவும் இருக்காது. கள்ளக்குறிச்சிச் சந்தையில் மீன் வாங்க வருகிறவர் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பாக இருந்தால் விலை கேட்பார். வெளுத்திருந்தால் மீன்காரம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விடுவார். இங்கே வருகிறவர்கள் குனிந்து சீட்டைப் படிக்கிறார்கள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் மீன். அந்தச் சீட்டை ஒட்டுவது என் வேலை.

ஹமூர் என்று ஒரு மீன். நம் கடற்கரை ஊர்களில் கலவா என்பார்கள். நம் பக்கம் வஞ்சிரத்துக்கு இருக்கும் மரியாதை இங்கே ஹமூருக்கு. விருந்தாளிக்கு ஹமூர் போடவில்லை என்றால் கூப்பிட்டவருக்குக் கௌரவக் குறைச்சல். எல்லோரும் அதையே கேட்டுக் கேட்டு, அதையே பிடித்துப் பிடித்து, இந்தக் கடலில் அது அருகிவிட்டது. கடலில்தான் அருகியதே தவிர, எங்கள் கண்ணாடிப் பெட்டியில் ஒரு நாளும் குறையவில்லை. வியட்நாமிலிருந்து அட்டைப் பெட்டியில் உறைந்து வரும் பாசா என்ற மீனைக் கரைத்து, துடைத்து, ஐஸ் மேல் வைத்தால் அதுதான் ஹமூர். பாசா நம் கெளுத்தியின் தூரத்து உறவு. கடலையே பார்க்காத ஆற்று மீன்.

முதல் முறை சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் தயங்கி நின்றபோது செல்வம் அண்ணன் பக்கத்தில் இருந்தார். உளுந்தூர்பேட்டைப் பக்கம் களமருதூர்க்காரர். பன்னிரண்டு வருடமாக இதே பிரிவில் மீன் வெட்டுகிறார்.

"அண்ணே, இது பாசாண்ணே. பொட்டியிலயே போட்டுக்கீது."

"தெரியும்டா. ஒட்டு."

"சீட்டுல ஹமூருன்னு இருக்குதே."

"ஒன் சர்டிபிகேட்டுல விலங்கியல் பட்டதாரின்னு போட்டுக்கீது. நீ இங்க மீன் கழுவிக்கினு கீற. அத யாராவது இன்னான்னு கேட்டாங்களா?"

ஒட்டினேன். ஒட்டியதற்குக் காரணம் இருந்தது. இந்தப் பிரிவில் ஒரு வருடம் ஒழுங்காக நின்றால் கம்பெனியின் தரப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துக்கொள்வார்கள், அதற்கு மேலாளர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் என்னைக் கூட்டி வந்தார்கள். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கரும்பு வெட்டுகிறவர். படித்த படிப்புக்குச் சம்பந்தமான ஒரு நாற்காலியில் நான் உட்கார்ந்த படம் ஒன்றை அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். பரிசோதனைக் கூடத்தில் நாற்காலி உண்டு என்று விசாரித்து வைத்திருந்தேன்.

பொய்ச் சீட்டு எனக்குப் புதிதும் இல்லை. ஊரில் கோமுகி அணைக்கு எதிரே என் அம்மா மீன் வறுத்து விற்கிறாள். கரியாலூர் அருவியில் குளித்துவிட்டு மலையிறங்கி வருகிறவர்கள் பசியோடு வண்டியை நிறுத்துவார்கள். "டேம் மீனா?" என்பார்கள். "டேம் மீனுதாங்க, காலையில புடிச்சது" என்பாள் அம்மா. அணை வறண்டு தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கோடையிலும் அங்கே டேம் மீன் வறுபட்டது. அது ஆந்திராக் குளங்களில் வளர்த்து ஐஸ் பெட்டியில் லாரி ஏறி வரும் ரோகு. அணையிலும் ரோகுக் குஞ்சுதான் விடுகிறார்கள் என்பதால் வித்தியாசம் யாருக்கும் தெரியாது.

கல்லூரி இரண்டாம் வருடத்தில், மீன்களை இனம் பிரிக்கப் படித்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு உதவப் போனேன். காரில் வந்த ஒரு குடும்பம் வழக்கமான கேள்வியைக் கேட்டது. அம்மா வாயைத் திறப்பதற்குள், "இல்லைங்க, ஆந்திரா ரோகு" என்றேன். அவர்கள் என்னைப் பாராட்டிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். அதுவும் அதே லாரியில் வந்த மீன். அன்றைக்கு மசாலா தடவிய மீன் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஏன்டா, ஒன்ன படிக்க வெச்சதே இந்த டேம் மீனுதான்டா. படிச்சிட்டு வந்து அதும் வாயிலயே மண்ணப் போடுறியே."

அன்றைக்கு முந்திக்கொண்ட என் வாயை நான் ஷார்ஜாவுக்கும் எடுத்து வந்திருக்கிறேன் என்பது ஏழாவது மாதத்தில் தெரிந்தது. அபு காலித் என்று ஒரு பெரியவர். இந்த நாட்டுக்காரர். வெள்ளை அங்கியில் ஒரு சுருக்கம் இருக்காது. வியாழக்கிழமை தவறாமல் வந்து ஹமூர் வாங்குவார். கொஞ்சம் இந்தி, கொஞ்சம் ஆங்கிலம் கலந்து என் ஊர், அப்பா அம்மா எல்லாம் விசாரிப்பார். ஒரு வியாழன், மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் முதல்முதலாக வருகிறார்கள் என்று சொல்லி, "நல்லதாக நீயே எடுத்துக் கொடு, உன்னை நம்புகிறேன்" என்றார். நம்புகிறேன் என்று சொல்லாமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். குரலைத் தாழ்த்தி, இது ஹமூர் இல்லை என்றேன்.

அவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். நிஜ ஹமூரை வேறு யாருக்கோ உள்ளே ஒளித்து வைத்துக்கொண்டு இவருக்கு மட்டமானதைத் தள்ளுகிறோம் என்று நினைத்தார். "யாருக்கு எடுத்து வைத்திருக்கிறாய்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். யாருக்கும் இல்லை, எப்போதுமே இதுதான் என்று விளக்க எனக்கு அவ்வளவு மொழி இல்லை. மேலாளர் வந்தார். மன்னிப்புக் கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து முழு ஹமூரே வரும், தலையோடு வரும் என்று வாக்குக் கொடுத்து அனுப்பினார்.

எனக்கு வேலை போகும் என்று நினைத்தேன். மேலாளர் என் தோளைத் தட்டினார். உண்மை சொல்கிற பையன் நிற்கிற கவுண்டர் என்றால் ஆட்கள் தேடி வருவார்கள், இனி முழு மீனை நீதான் விற்க வேண்டும் என்றார். பரிசோதனைக் கூடத்துக்கு எழுதுவதைப் பற்றியும் தானாகவே ஒரு வார்த்தை சொன்னார்.

அடுத்த வாரம் பெட்டி வந்தது. திறந்து பார்த்தேன். தவிட்டு நிற உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகள், செவுள் ரத்தச் சிவப்பு. ஹமூர்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒன்றுகூட என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் எட்டவில்லை. கல்லூரியில் படித்தது ஞாபகம் இருந்தது. இந்த மீன் பெண்ணாகத்தான் வளரும், வயதான பிறகே சில ஆணாக மாறும். இந்த அளவில் பிடிபட்டால் அது ஒரு முறையும் முட்டையிட்டிருக்காது. ஒன்றைக் கீறிப் பார்த்தேன். முட்டைப் பை நூல் மாதிரி இருந்தது.

"அண்ணே, இவ்ளோ சின்னத விக்கவே கூடாதுண்ணே."

செல்வம் அண்ணன் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார். "நாம பாட்டுக்குப் பாசாவ வித்துக்கினு ஹமூர காப்பாத்திக்கினு இருந்தோம். நீ வந்து உண்மையச் சொன்ன. இப்ப வெட்டு."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். எனக்கு அது கிண்டலாகப் படவில்லை.

வியாழக்கிழமை அபு காலித் வந்தார். மீனின் தலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எனக்கு நன்றி சொன்னார். இரண்டு வேண்டும் என்றார். நான் ஒன்றை எடுத்துக் காட்டி, இது குஞ்சு, இன்னும் முட்டையிடவில்லை, வேண்டாம் என்றேன். அளவு போதாது என்று சொல்கிறேன் என நினைத்து, "சிறியதுதான் மிருதுவாக இருக்கும், மூன்றாகக் கொடு" என்றார். நான் கீறி வைத்திருந்த மீனைத் திறந்து அந்த நூலைக் காட்டினேன். இப்படியே தின்றால் உங்கள் பேரன் ஹமூரைப் பார்க்க மாட்டான் என்றேன். இந்த முறை அவருக்குச் சரியாகவே புரிந்தது.

"என் அப்பா இந்தக் கடலில் மீன் பிடித்தவர்" என்றார். "உன் ஊரில் கடல் இருக்கிறதா?"

"இல்லை."

அவர் கோபப்படவில்லை. பதில் கிடைத்துவிட்டது என்பதுபோல் தலையசைத்தார். மூன்று மீனையும் நானே சுத்தம் செய்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

ஊரில் இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். மீன் முட்டையைப் பற்றி ஊரில் யாரிடமும் சொன்னதே இல்லை. புதுத் தண்ணீர் வந்ததும் ஓடையில் எதிர்நீச்சல் போட்டு ஏறும் மீனை நாங்கள் ஏத்து மீன் என்போம். முட்டையிடத்தான் அது ஏறுகிறது. அந்த நாட்களில் அப்பா மடையில் மூங்கில் பறி வைத்து, வயிறு புடைத்த கெண்டைகளாகக் கொண்டு வருவார். வறுத்த சினை என் தட்டில்தான் விழும், படிக்கிற பிள்ளை என்று. அடுத்த வருட மீனைச் சேர்த்துத் தின்கிறோம் என்று எனக்குத் தோன்றியதில்லை. அப்படித் தின்றவன்தான் கடல்காரரிடம் முட்டையைப் பற்றிப் பேசினேன். ஆனால் பேசியது தப்பு என்று இன்றுவரைக்கும் எனக்குப் படவில்லை.

சனிக்கிழமை மேலாளரிடம் போய், சின்ன ஹமூரை வரவழைக்க வேண்டாம், பாசாவைப் பாசா என்றே எழுதி விற்போம், நான் விற்றுக் காட்டுகிறேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மாலைக்குள் என்னைக் காய்கறிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பரிசோதனைக் கூடத்துக்கு எழுதும் பேச்சு அதோடு நின்றது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. செல்வம் அண்ணன்தான் ஆறுதல் சொன்னார்: "வெங்காயத்துக்கு இன்னா பேரு வெச்சாலும் உரிச்சா தெரிஞ்சிடும். நிம்மதியா இரு."

இப்போது ஹமூர் பெட்டி வருகிறதா, பாசா ஹமூராகிவிட்டதா என்று நான் எட்டிப் பார்ப்பதில்லை என்று சொன்னால் பொய். தினமும் பார்க்கிறேன். இரண்டும் நடக்கிறது.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. அறையில் நாங்கள் ஆறு பேர். போன வெள்ளி சமையல் முறை என்னுடையது. உறைந்த ரோகு ஒன்று வாங்கி வந்தேன். உறையில் எல்லாம் ஒழுங்காக அச்சடித்திருந்தது: ரோகு, பண்ணை வளர்ப்பு, மியான்மர். நான் பார்த்த வரையில் இந்த நாட்டில் உண்மை பேசும் சீட்டு ஏழை மீனுக்குத்தான் இருக்கிறது. புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். மதியம் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்தோம். வங்கதேசத்து ரஃபீக் முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு, இது பத்மா நதி மீன் என்றான். செல்வம் அண்ணன், "போடா, இது எங்க களமருதூர் ஏரி மீனு, சேத்து வாசனையே சொல்லுதே" என்றார். ரஃபீக் விடவில்லை. நீங்கள் சொல்லுங்கள், நீங்கள்தான் மீன் படித்தவர் என்று என் பக்கம் திரும்பினான்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மியான்மர் உறை குப்பைக் கூடையில் மேலாகவே கிடந்தது, எழுத்துகூடத் தெரிந்தது. முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டுச் சொன்னேன்: "கோமுகி டேம் மீனு. காலையில புடிச்சது."